சவுக்காரத் தண்ணிக்கு நாலாவது வருஷம் எதுக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். விஞ்ஞான பீடத்தில் பிள்ளைகள் படிக்கும் வாப்பா, உம்மாமார் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

டொக்டருக்குப் படிக்கும் பிள்ளை நாளைக்கு என்ன செய்யும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இன்ஜினியரும் அப்படித்தான். இரசாயனவியலில் ஸ்பெஷல் செய்து, நாலாவது வருஷம் ஆராய்ச்சி என்று ஆய்வுகூடத்துக்குள் இருக்கும் பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பதில் இல்லாத இடத்தில் பகிடிதான் வரும். எங்களிடம் படித்துப் பல்கலைக்கழகம் போன மாணவி ஒருத்தியின் ஆராய்ச்சித் தலைப்பு இது: மைசெல்களில் கரைந்திருக்கும் பொருட்களை, ஒளிர்வுத் தரவுகளின் பல்மாறிப் பகுப்பாய்வு மூலம் ஆராய்தல். அது ஊர் வாய்க்குள் போய் 'சவுக்காரத் தண்ணிக்கு லைட் அடிக்கிற படிப்பு' என்று வெளியே வந்திருக்கிறது.

ஒரு வகையில் சரியான மொழிபெயர்ப்புத்தான். சவர்க்காரமும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, லைட்டும் இருக்கிறது. விடுபட்டுப் போனது கணக்கு மட்டும். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் சவர்க்காரம்.

சவர்க்கார மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய்தான் பிடிக்கும். கொஞ்சமாகக் கரைத்தால் அவை தனித்தனியாக அலையும். ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டினால் எல்லாம் கூட்டம் சேரும். வால்கள் உள்ளுக்கு, தலைகள் வெளியே தண்ணீர்ப் பக்கம். இப்படி உருண்டையாகச் சேர்ந்த கூட்டத்துக்குப் பெயர்தான் மைசெல். 1913 அளவில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் மக்பெய்ன் என்ற இரசாயனவியலாளர் இந்தக் கருத்தை முன்வைத்தார்.

உங்கள் வீட்டு ஷாம்பூப் போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள். சோடியம் லோரில் சல்பேற்று என்றோ அதைப் போன்ற ஒரு பெயரோ இருக்கும். ஆய்வுகூடத்தில் அதையே சோடியம் டொடசைல் சல்பேற்று என்பார்கள். அறை வெப்பநிலையில், ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ 2.3 கிராமைத் தாண்டியதும் அது மைசெல் கட்டத் தொடங்கும். ஒரு மைசெல்லில் 60 அளவான மூலக்கூறுகள். அதன் அகலம் ஏறத்தாழ 4 நனோமீற்றர். ஒரு தலைமயிரின் குறுக்கே 20,000 மைசெல்களை வரிசையாக அடுக்கலாம்.

சட்டையில் பட்ட எண்ணெய் தண்ணீரில் கரையாது. மைசெல்லின் உள்ளே வால்களுக்கு நடுவே அது போய் ஒளிந்துகொள்ளும், தண்ணீரோடு சேர்ந்து போய்விடும். உடுப்புக் கழுவுவது அவ்வளவுதான்.

இது உடுப்போடு முடிகிற விஷயம் என்றால் நாங்கள் இந்தப் பதிவை எழுதவே தேவையில்லை. எங்கள் ஒவ்வொருவருடைய வயிற்றுக்குள்ளும் இது நடக்கிறது. ஈரல் சுரக்கும் பித்தநீரில் உள்ள உப்புக்கள் மைசெல்களை உருவாக்குகின்றன. விற்றமின் ஏ, டி, ஈ, கே நான்கும் தண்ணீரில் கரையாதவை. அவை அந்த மைசெல்களில் ஏறித்தான் குடற்சுவர் வரை போகின்றன. பித்தநீர் குடலுக்கு வராத நோயாளிக்கு இந்த விற்றமின்கள் குறைந்து போவது அதனால்தான்.

மருந்துகளுக்கும் இதே பிரச்சினை இருக்கிறது. பக்லிராக்செல் என்ற புற்றுநோய் மருந்து தண்ணீரில் கரையவே கரையாது. அதை நரம்பில் ஏற்றுவதற்காக ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கரைத்தார்கள். அந்தக் கரைப்பானே சில நோயாளிகளுக்கு ஒவ்வாமையைக் கொடுத்தது. அதற்கு மாற்றாக, பல்பகுதிய மைசெல்லுக்குள் அதே மருந்தை வைத்து ஏற்றும் முறையைத் தென்கொரியா 2007 இல் பாவனைக்கு அனுமதித்தது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வந்து படுத்திருக்கும் ஒருவரை எங்கள் ஊரில் காணாத தெரு இல்லை. அதனால்தான் இந்த உதாரணத்தை எடுத்தோம்.

இப்போது கேள்விக்கு வருவோம். மருந்தை மைசெல் உள்ள தண்ணீரில் போட்டாயிற்று. அது எங்கே இருக்கிறது? நடு வயிற்றில் வால்களுக்கு இடையிலா, தலைகளுக்குப் பக்கத்தில் விளிம்பிலா, அல்லது பாதி உள்ளே பாதி வெளியே தண்ணீரிலா? உள்ளே ஆழமாக இருந்தால் போய்ச் சேரும் இடம் வரை பத்திரமாகப் போகும். விளிம்பில் இருந்தால் வழியில் கசியும். தண்ணீரில் இருந்தால் ஏற்றவே இல்லை என்றுதான் அர்த்தம்.

திறந்து பார்க்க முடியாது. தண்ணீர் ஊற்றி ஐதாக்கினால் மைசெல் கலைந்துவிடும். தனி மூலக்கூறுகள் செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவான நேரத்துக்குள் உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருக்கும். தொடாமல், பிரிக்காமல், இருந்த இடத்திலேயே வைத்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்குத்தான் லைட்.

ஊரில் கடை வைத்திருப்பவர்களிடம் கள்ள நோட்டுப் பார்க்கும் லைட் இருக்கும். அதைக் கொஞ்சம் இருட்டில் வைத்துப் பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் அடித்துப் பாருங்கள். நீலமும் வெள்ளையுமாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத கழியூதா ஒளியை உடுப்பு வாங்குகிறது, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாகத் திருப்பிக் கொடுக்கிறது. சலவைத் தூளில் சேர்த்திருக்கும் ஒருவகை வெண்மையூட்டி செய்யும் வேலை அது. இந்தத் தன்மைக்கு ஆங்கிலத்தில் புளோரசன்ஸ் என்று 1852 இல் பெயர் வைத்தவர் ஜோர்ஜ் ஸ்டோக்ஸ். மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா மருந்தின் கரைசல் வெயிலில் நீலமாக ஒளிர்வதை அவர் ஆராய்ந்தார். நாங்கள் தமிழில் ஒளிர்வு என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

ஒளிரும் மூலக்கூறுகள் சிலவற்றுக்கு ஒரு விசேஷம் உண்டு. தாம் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒளியை மாற்றிக் கொடுக்கும். பைரீன் என்ற மூலக்கூறு அதில் பெயர் போனது. அதன் ஒளிர்வில் 370 முதல் 400 நனோமீற்றர் அலைநீளத்துக்குள் ஐந்து சிகரங்கள் இருக்கும். முதலாவது சிகரத்தை மூன்றாவதால் வகுத்தால், தண்ணீரில் ஏறத்தாழ 1.8 வரும். எண்ணெய் போன்ற ஹெக்சேனில் 0.6 அளவில் வரும். நாங்கள் மேலே சொன்ன சோடியம் டொடசைல் சல்பேற்று மைசெல்லில் 1.1 அளவில் வரும். அதாவது பைரீன் சுத்த எண்ணெய்க்குள்ளும் இல்லை, வெறும் தண்ணீரிலும் இல்லை. தலைகளுக்குக் கிட்ட, கொஞ்சம் ஈரம் படும் இடத்தில் இருக்கிறது. வெளியில் இருந்தபடியே விலாசம் கேட்டாயிற்று.

இந்த அளவுகோலை 1977 இல் எழுதி வெளியிட்டவர்கள் இருவர். ஒருவர் ஜே. கே. தோமஸ். மற்றவர் கு. கல்யாணசுந்தரம். இந்த இரண்டாவது பெயரைத் தமிழ் படிக்கும் பிள்ளைகள் வேறோர் இடத்தில் கண்டிருப்பார்கள். பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வாசிக்கிறோமே, மதுரைத் திட்டம், அதை 1998 இல் தொடங்கி நடத்தியவர் இவர்தான். சுவிற்சர்லாந்தில் லோசான் நகரத்து ஆய்வுகூடத்தில் ஒளி இரசாயனம், ஓய்வு நேரத்தில் தமிழ் நூல்கள். கலைப் பிரிவு எடுத்த பிள்ளை சிலப்பதிகாரம் தேடிப் போகும் இடத்துக்கும், விஞ்ஞானப் பிரிவு எடுத்த பிள்ளை மைசெல் அளக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரே மனிதர் நிற்கிறார். பிரிவைச் சொல்லிப் பிள்ளைகளுக்குள் உயர்வு தாழ்வு பேசுகிறவர்களுக்கு இதையும் சொல்லி வைக்கிறோம்.

சரி, அளவுகோல் கிடைத்துவிட்டதே, பிறகு என்ன கணக்கு?

சிக்கல் இங்கேதான். விகிதம் 1.4 என்று வந்தால் என்ன சொல்வது? எல்லாப் பைரீனும் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் இருக்கலாம். அல்லது ஒரு பகுதி வெளியே தண்ணீரிலும் மற்றப் பகுதி மைசெல்லுக்குள்ளும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே 1.4 வரும். ஒரே ஓர் எண்ணால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. வகுப்பில் சராசரி 50 என்றால் எல்லோரும் 50 எடுத்தார்களா, பாதிப் பேர் 90 எடுத்துப் பாதிப் பேர் 10 எடுத்தார்களா என்று சராசரி சொல்லாது. படிப்பிக்கிறவர்களுக்கு இது நாளாந்தம் தெரிந்த விஷயம்.

அப்படியென்றால் இரண்டு சிகரத்தை மட்டும் பார்க்காமல் முழு ஒளிர்வையும் எடுக்க வேண்டும். 100 அலைநீளங்களில் அளவெடுத்தால் 100 எண்கள். சவர்க்காரத்தின் செறிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 10 கரைசல்கள் தயாரித்தால் 10 வரிசை, 100 நிரல். மொத்தம் 1000 எண்கள். சாதாரண தரக் கணித பாடத்தில் 'தாயம்' என்று ஒரு பாடம் இருக்கிறதல்லவா? "இது எங்க சேர் வாழ்க்கையில வரப்போகுது?" என்று வருஷா வருஷம் பிள்ளைகள் கேட்கும் அதே பாடம். வந்துவிட்டது. இந்த 1000 எண்களும் ஒரு தாயம்.

அதை எப்படிப் பிரிப்பது என்று எங்கள் மாணவி எங்களுக்கு விளங்கப்படுத்தியபோது, நாங்கள் அதைச் சாப்பாட்டுக் கடைக் கணக்காக மாற்றிப் பார்த்தோம். கலாசாலையில் எங்களுக்கு இவ்வளவு தூரம் படிப்பிக்கவில்லை. படிப்பித்த பிள்ளையிடம் உட்கார்ந்து படிப்பது ஒரு தனி மகிழ்ச்சி, அல்ஹம்துலில்லாஹ்.

கணக்கு இதுதான். ஒரு கடையின் சாமான் கொப்பி உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ அரிசி, மா, வெங்காயம், கோழி, முட்டை, எண்ணெய் செலவானது என்று 100 சாமான்கள் எழுதியிருக்கிறது. 10 நாள் கணக்கு. என்ன சமைத்தார்கள் என்று எழுதவில்லை. எத்தனை பிளேட் விற்றது என்றும் எழுதவில்லை. சமையல் குறிப்பும் இல்லை. கொப்பியை மட்டும் வைத்து, கடையில் எத்தனை வகைச் சாப்பாடு செய்தார்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன குறிப்பு, எந்த நாள் எது எத்தனை பிளேட் என்று சொல்ல முடியுமா?

முடியும், பெரும்பாலும்.

முதலாவது, எத்தனை வகை என்ற கேள்வி. கடையில் பிரியாணியும் கொத்தும் மட்டும்தான் என்றால், 10 நாள் கணக்கும் எவ்வளவு மாறித் தெரிந்தாலும், ஒவ்வொரு நாளும் அந்த இரண்டு குறிப்புகளின் ஏதோ ஒரு கலவைதான். அரிசி கூடினால் அதற்குப் பொருத்தமான விகிதத்தில் பிரியாணிச் சாமான்கள் எல்லாம் சேர்ந்து கூடும். 100 சாமான்களும் தனித்தனியாக ஆடாது, இரண்டு கயிற்றில் கட்டினது போல ஆடும். எத்தனை கயிறு என்று எண்ணிச் சொல்லும் வழிக்கு அடித்தளம் இட்டவர் கார்ல் பியர்சன், 1901 இல். இன்று அதைப் பிரதான கூறுப் பகுப்பாய்வு என்கிறார்கள். மைசெல்லுக்கு மாற்றிச் சொன்னால், பொருள் எத்தனை வகையான இடங்களில் இருக்கிறது என்பதே அந்தக் கயிற்று எண்ணிக்கை. எங்கள் 1.4 குழப்பம் இங்கே தீர்கிறது. முழு ஒளிர்வும் இரண்டு கயிற்றில் ஆடினால் பொருள் இரண்டு இடங்களில் இருக்கிறது.

இரண்டாவது, குறிப்பு என்ன என்ற கேள்வி. இது கொஞ்சம் கஷ்டம். கொப்பியில் உள்ள அதே எண்களை வேறு வேறு குறிப்புகளாலும் விளக்கலாம். 'ஒரு சாப்பாடு முக்கால் பிரியாணி கால் கொத்து, மற்றது முக்கால் கொத்து கால் பிரியாணி' என்று யாராவது சொன்னாலும் பல நாட்களின் கூட்டல் சரியாகவே வரும். 1971 இல் லோட்டன், சில்வெஸ்டர் என்ற இருவர் ஒரு சாதாரண விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எந்தக் குறிப்பிலும் வெங்காயம் சைபருக்குக் கீழே போக முடியாது. எந்த நாளும் சய இரண்டு பிளேட் விற்க முடியாது. அதேபோல ஒளியும் செறிவும் சய எண்ணாக இருக்க முடியாது. இந்த ஒரு நிபந்தனையைப் போட்டதும் பிழையான விடைகளில் பெரும்பகுதி தானாகவே விழுந்துவிடுகிறது.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடையில் பிரியாணி மட்டும்தான் என்று தெரிந்தால் போதும். அந்த ஒரு நாள் கணக்கு பிரியாணியின் குறிப்பைச் சுத்தமாகக் கொடுத்துவிடும். மற்ற நாட்களிலிருந்து அதைக் கழித்துக்கொண்டே போகலாம். ஆய்வுகூடத்தில் அந்த வெள்ளிக்கிழமைதான் சவர்க்காரம் போடாத கரைசல். அதில் பொருள் தண்ணீரில் மட்டும் இருக்கும். இதனால்தான் நல்ல ஆராய்ச்சியாளர் சவர்க்காரம் இல்லாத போத்தலையும் அளப்பார். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீரை அளந்து நேரம் போக்குவது போலத் தெரியும்.

மூன்றாவது, கடைக்குக் கிளைகள் இருந்தால்? கல்முனையில் ஒன்று, அக்கரைப்பற்றில் ஒன்று, பொத்துவிலில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பொத்துவிலில் கொத்து அதிகம் ஓடும், அக்கரைப்பற்றில் பிரியாணி அதிகம் ஓடும். நாள், சாமான், கிளை என்று கணக்குக்கு மூன்று பக்கங்கள் கிடைக்கின்றன. இப்போது தட்டையான தாயம் இல்லை, பெட்டி. பெட்டிக்கு ஓர் அழகு உண்டு. இரண்டு பக்கக் கணக்கில் இருந்த அந்த 'முக்கால் கால்' குழப்பம் மூன்று பக்கக் கணக்கில் பெரும்பாலும் இல்லாமலே போகிறது, ஒரே ஒரு விடைதான் பொருந்தும். 1970 இல் றிச்சர்ட் ஹார்ஷ்மன் இதற்கு பரஃபாக் என்று பெயர் வைத்து எழுதினார். எழுதிய இடம் இரசாயன சஞ்சிகை அல்ல, கலிபோர்னியாவின் ஓர் ஒலியியல் வெளியீடு. மனிதர்களின் பேச்சொலிக்கும் மனங்களின் அளவீட்டுக்கும் செய்த கணக்கைப் பிறகு இரசாயனவியலாளர்கள் கடன் வாங்கினார்கள். ஒளிர்வில் அந்த மூன்றாவது பக்கம் நாங்கள் உள்ளே அடிக்கும் ஒளியின் அலைநீளம். பல நிறத்தில் அடித்து, ஒவ்வொன்றுக்கும் பல நிறத்தில் திரும்பி வருவதை அளக்க வேண்டும்.

ஆனால் மூன்றாவது பக்கம் எல்லா இடத்திலும் உதவாது. 1-நப்தோல் என்ற பொருளை எடுங்கள். ஒளியை வாங்கியதும் அது பல கோடி மடங்கு வலுவான அமிலமாக மாறிவிடும். தண்ணீரில் இருந்தால் உடனே தன் புரோத்தனைத் தண்ணீரிடம் கொடுத்துவிட்டு 460 நனோமீற்றர் அளவில் ஒளிரும். மைசெல்லுக்குள் தண்ணீர் கிட்டாத இடத்தில் இருந்தால் புரோத்தனைக் கொடுக்க ஆளில்லை, 360 அளவில் ஒளிரும். இடத்தைக் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், இரண்டு ஒளிர்வும் கிட்டத்தட்ட ஒரே உள்வரும் ஒளியிலிருந்துதான் பிறக்கின்றன. கொத்தும் பிரியாணியும் எல்லாக் கிளைகளிலும் ஒரே விகிதத்தில் ஓடினால் கிளைக் கணக்கால் என்ன பிரயோசனம்? அங்கே பெட்டியைப் பிரிக்கும் முறை குழம்பும். திரும்பவும் வெள்ளிக்கிழமைக் கணக்கைத்தான் பிடிக்க வேண்டும். கணினி மென்பொருள் எண்ணைத் துப்பிவிடும். எந்தப் பொருளுக்கு எந்த முறை பொருந்தும் என்று தெரிய இரசாயனம் படித்த தலை ஒன்று வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூடும், ஒன்றை மற்றது கெடுக்காது என்ற நம்பிக்கை. எங்கள் மேடைகளில் இப்னுல் ஹைதமின் பெயரைச் சொல்லாத விஞ்ஞானப் பேச்சு இல்லை. அவர் செய்த ஒரு பரிசோதனையைச் சொல்பவர்கள் குறைவு. இருட்டறையின் ஒரு துளைக்கு வெளியே பல விளக்குகளை வைத்தார். உள்ளே எதிர்ச் சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வெளிச்சப் புள்ளி. ஒரு விளக்கை மறைத்தால் அதன் புள்ளி மட்டும் இல்லாமல் போகும், மற்றவை அசையாது. ஒரே துளையால் வந்தும் ஒளிகள் கலந்து குழம்பவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின அந்த விளக்குகளும், மைசெல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்து வரும் இரண்டு ஒளிர்வுகளும் ஒரே விதிக்குள் வருகின்றன.

கரைசல் கடுமையாக இருந்தால் இந்த விதியை நம்பிக் கணக்குப் போட முடியாது. முன்னால் இருக்கும் மூலக்கூறுகளே ஒளியைக் குடித்துவிட்டுப் பின்னால் இருப்பதற்குக் கொடுக்காது. அதனால் மிக ஐதாகக் கரைத்துத்தான் அளக்க வேண்டும். ஒரு மைசெல்லுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே பைரீன் போக வேண்டும். கூடினால் விருந்தாளியே வீட்டை மாற்றிவிடுவார். இந்தக் கவனத்துக்கெல்லாம் மாதக் கணக்கில் நேரம் போகும். 'நாலாவது வருஷம் முழுக்க என்ன செய்யப் போறாங்க?' என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பாதிப் பதில்.

மற்றப் பாதி, நேர்மை. எத்தனை கூறு என்று சொல்ல வேண்டியது கடைசியில் மனிதர்தான். இரண்டு கூறு போட்டால் கணக்கு ஓரளவு பொருந்தும். மூன்று போட்டால் இன்னும் நன்றாகப் பொருந்தும். ஐந்து போட்டால் மிக அழகாகப் பொருந்தும், ஆனால் அதில் பாதி கருவியின் இரைச்சலுக்குப் பெயர் வைத்த வேலையாக இருக்கும். இல்லாத சாப்பாட்டுக்குக் குறிப்பு எழுதினது போல. விருப்பமான விடை வரும்வரை கூட்டிக்கொண்டு போக யாரும் தடுக்க மாட்டார்கள். மிச்சம் வரும் பிழைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இதோடு நிற்கிறேன், இதற்கு மேல் தரவு சொல்லவில்லை என்று நிறுத்தப் பழகுவதுதான் அந்த வருஷத்தின் படிப்பு. கேள்விப்பட்டதை எல்லாம் இரண்டு நிமிஷத்தில் வாட்ஸப்பில் பரப்பும் எங்களுக்கு, அப்படிப் பழகின பிள்ளைகள் ஊரில் நாலு பேராவது தேவை.

மாணவியின் வாப்பா எங்களிடம் வந்து கேட்டார். மூன்று வருஷத்தோடு பட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியேறவும் வழி இருக்கிறது. "சேர், மூணோட முடிச்சா போதும்தானே? ஆக்கள் சிரிக்காங்க. ஒரு வருஷம் மிச்சம்" என்றார். அவர் சிரிப்புக்குப் பயந்து மட்டும் கேட்கவில்லை. ஒரு வருஷத்து அறை வாடகை, சாப்பாட்டுச் செலவு, கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள். அந்தக் கஷ்டத்தை நாங்கள் லேசாக எடுக்கவில்லை.

அவருக்கு மேலே எழுதியதையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். சாமான் கொப்பிக் கணக்கு அவருக்கு உடனே பிடிபட்டது. கடையில் நின்ற மனிதர். "அப்ப கொப்பியப் பாத்தே கள்ளக் கணக்கையும் புடிக்கலாம்போல" என்றார். உண்மைதான். இதே கணக்கை ஆற்றுத் தண்ணீரில் கலந்திருக்கும் சேதனப் பொருட்களைப் பிரிக்கவும், எண்ணெயில் கலப்படம் பார்க்கவும் பாவிக்கிறார்கள். மருந்துக் கம்பனியிலும், தண்ணீர்ப் பரிசோதனையிலும், உணவுத் தரக் கட்டுப்பாட்டிலும் அந்தப் பழக்கம் உள்ள ஆட்களுக்கு வேலை இருக்கிறது. மேற்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை கொடுக்கும்போது முதலில் கேட்பதும் ஆராய்ச்சி செய்திருக்கிறாயா என்பதைத்தான். கட்டாயம் கிடைக்கும் என்று அவருக்கு நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. மூன்று வருஷத்தோடு நின்றால் அந்தக் கதவுகள் சிறுத்துவிடும் என்பதைச் சொன்னோம். முடிவு அந்தக் குடும்பத்தினுடையது. அதைப் பற்றி இங்கே எழுத எங்களுக்கு அனுமதி இல்லை. இவ்வளவு எழுதுவதற்கு வாப்பாவும் மகளும் சம்மதித்தார்கள், ஜஸாகல்லாஹு ஹைரா.

ஊருக்கு நாங்கள் சொல்ல வேண்டியது வேறு. ஒரு பிள்ளை நாலாவது வருஷம் படிப்பதா இல்லையா என்பதைக் காசு தீர்மானித்தால் அது கவலை. பகிடி தீர்மானித்தால் அது வெட்கம். காசுக்கு ஸகாத் நிதி இருக்கிறது, பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, வசதியுள்ள மனிதர்கள் இருக்கிறார்கள். பகிடிக்கு நாங்கள் ஒவ்வொருவரும்தான் பொறுப்பு. கல்யாண வீட்டில் அடுத்த முறை யாராவது "மகள் என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டால், பதிலைக் கேட்டுவிட்டு, "விளங்கல்ல மகள், இன்னொருக்காச் சொல்லுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று. ஒரு கண்ணாடிக் கிளாஸில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் தண்ணீரோடு கொஞ்சம் ஷாம்பூ. இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுக் கலக்கி, தூள் அடியில் படியும்வரை வையுங்கள். பிறகு இருட்டில் நோட்டுப் பார்க்கும் லைட்டை அடியுங்கள். கண்ணுக்கு நேரே அடிக்க வேண்டாம், சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கவும் வேண்டாம். ஷாம்பூ உள்ள கிளாஸ் மற்றதைவிடப் பளிச்சென்று ஒளிரும். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரையாமல் மைசெல்லுக்குள் ஏறிவிட்டது என்று அர்த்தம். உடுப்புக் கழுவும் கட்டிச் சவர்க்காரம் பாவித்தால் மஞ்சள் சிவப்பாகிவிடும், அது காரத்தின் வேலை. அதுவேறு பாடம்.

தரம் 10, 11 பிள்ளைகளுக்கு இதைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்து காட்டி, 10 கிளாஸ் வைத்து ஒரு தாயமும் எழுதுவிக்க யோசித்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். நோட்டு லைட் இரண்டு, மூன்று தேவை. கடைக்காரச் சகோதரர்கள் ஒரு நாளைக்கு இரவல் தந்தால் போதும். தருவதற்கு விருப்பமுள்ளவர்கள் கீழே எழுதுங்கள்.